பங்குனியில் புதைத்த மெழுகு

அக்டோபர் 6, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கிழக்கே மேகம், வெறும் வேடிக்கைதான். பள்ளிக்கூடச் சத்துணவில் இன்று சாப்பிட்டது அறுபத்தெட்டுப் பிள்ளைகள். தக்காளி சாதம், முட்டை. சமையல் அக்கா லீவு, நானே கிண்டினேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. கேஸ் தீரப்போகிறது, சொல்லிவைக்க வேண்டும்.

வீட்டில் இவர் இன்று முழுங்கியது:
கஞ்சித் தண்ணி, ஒரு டம்ளர். முக்கால் மணி நேரம்.
இட்லி, பாலில் கரைத்து, ஒன்று. பாதி திரும்ப வந்துவிட்டது.
மோர். இறங்கியது.

சிக்கிக்கொண்டால் வலது கையைத் தூக்குவார். பொறு என்று அர்த்தம். பேச்சு வராது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்று அதிகபட்சம் ஆறு நிமிஷம்.

நேற்று மதுரை. வாந்தி கறுப்பாக வந்ததால் பயந்துபோய்ப் புது டாக்டரம்மாவிடம் காட்டினோம். சின்ன வயசு, நிதானமான பேச்சு. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உணவுக்குழாய்ச் சுவருக்குள் கட்டி. பங்குனியில் நெல்லிக்காய் அளவு. இப்போது எலுமிச்சைக்கும் மேல்.

"இது வழக்கமா வர்ற புத்து இல்லம்மா. உள்தோலுக்கு அடியில, தசைக்குள்ள வளருது. உணவுக்குழாயில இது ரொம்ப அபூர்வம். இதுல சில வகை இருக்கு, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒரு வகைன்னா கட்டிய மட்டும் எடுத்திரலாம். இன்னொண்ணுன்னா மாத்திரையிலயே சுருங்கும், அப்புறம் சின்ன ஆபரேஷன் போதும். எதுன்னே தெரியலன்னா முழுக் குழாயையும் எடுத்துட்டு இரைப்பைய மேல இழுத்துத் தைக்கணும். இப்ப இருக்கிற உடம்பு அதைத் தாங்காது."

எது என்று தெரிய, பங்குனியில் ஊசி விட்டு எடுத்த சதைக்குத் தனிச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டுமாம். திரும்ப ஊசி விடக் கூடாதா என்று கேட்டேன். உள்ளே கசிகிறது, ரத்தமும் குறைவு, இப்போது குத்தினால் நிற்காமல் போகலாம் என்றார்.

"அப்ப பிளாக் குடுத்திருப்பாங்களே. மெழுகுல பதிச்ச சதை. அது எங்க இருக்கு?"

"வீட்டுல இருக்கும்மா" என்றேன்.

"அடுத்த செவ்வாய் கொண்டு வாங்க."

வீட்டில் இல்லை. என் கையாலேயே மண்ணுக்குள் வைத்தேன்.

அக்டோபர் 7, புதன்

வெயில். ஒரு சொட்டு இல்லை. சாம்பார் சாதம்.

இதை எழுதிவிட வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது, இந்தப் பழைய ரிஜிஸ்டரின் பின்பக்கம்தான்.

பங்குனி. வேறு ஆஸ்பத்திரி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "புத்துநோய் இல்லன்னு வந்திருக்கு, போங்க." நான் அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு கவர் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டு, ஒரு கண்ணாடித் துண்டு, தீப்பெட்டியில் பாதி அளவு மெழுகு வில்லை. வில்லைக்குள் இவர் சதை, நூல் நூலாக. "பத்திரமா வைங்க."

பஸ்ஸில் மதினி (இவர் அக்கா) கேட்டார், அது என்ன என்று. சொன்னேன்.

"ஒடம்புல அறுத்த சதைய வீட்டுக்குள்ள வைக்காத்தா. அது மத்த சதையக் கூப்பிடும். தொப்புக்கொடி விழுந்தா என்ன செய்றோம்? மண்ணுக்குத்தான குடுக்கோம்."

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன். வந்த நோய் போய்விட்டது, அதன் மிச்சத்தையும் தொலைத்துவிடுவோம் என்று இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை நானும் மதினியும் எங்கள் புஞ்சைக்குப் போனோம். கண்ணாடி, மெழுகு இரண்டையும் மஞ்சள் துணியில் சுற்றி, குங்குமம் வைத்திருந்த சின்னச் சம்படத்தில் போட்டு மூடி, வரப்போரம் ஒரு முழக் குழியில் வைத்தேன். மதினி பால் ஊற்றினார். அடையாளத்துக்கு ஒரு கல்.

இவரிடம் பீரோவில் இருக்கிறது என்று சொன்னேன். சிரிப்பார் என்று.

ரிப்போர்ட்டின் கடைசி வரியை நேற்று முன்தினம்தான் படித்தேன், மதுரை பஸ்ஸில். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, தனிச் சாயப் பரிசோதனை தேவை, பிளாக்கைப் பெரிய லேபுக்கு அனுப்பவும். இங்கிலீஷ்தான், ஆனால் எனக்குத் தெரியாத இங்கிலீஷ் இல்லை. முட்டை ரிஜிஸ்டரில் ஒன்று குறைந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுகிறவள் நான். புருஷன் காகிதத்தில் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்டோபர் 8, வியாழன்

பள்ளிக்கூடம் முடிந்து நேரே புஞ்சை. மண்வெட்டி, கடப்பாரை.

கிழக்கு வரப்பு என்றுதான் ஞாபகம். கல் இல்லை. போன மாதம் பருத்திக்கு டிராக்டர் விட்டு உழுதோமே, வரப்பையும் சேர்த்து நேராக்கிவிட்டான். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கட்டி. கரிசல் காய்ந்து கிடக்கிறது, மண்வெட்டி எகிறுகிறது. எட்டுக் குழி. வேர், ஒரு உடைந்த வளையல், வேறு ஒன்றும் இல்லை.

ஆடு பத்திக்கொண்டு போனவர்: "என்னத்தா, பைப்பு லைனு தேடுறியா?"

ஆமா என்றேன்.

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். அப்படியே பஸ் ஏறிப் பாளையம்பட்டி, மதினி வீடு. சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். கடையில் ஆள் நிற்கும்போதே கேட்டேன், எந்த இடம் மதினி, ஞாபகம் இருக்கா.

முகம் மாறிவிட்டது. "எதுக்கு?"

சொன்னேன். டாக்டரம்மா சொன்னது முழுசையும்.

"பொதச்சதத் தோண்டக்கூடாது மல்லிகா. தோண்டுனா அது எந்திரிச்சு எங்க போகும்? அவன்கிட்டத்தான் போகும்."

"மதினி, அது அவுகள விட்டு எங்கயும் போகல. உள்ளயே வளந்து கெடக்கு."

"ஆறு மாசமா நல்லாத்தான இருக்கான்? போன்ல பேசுதான், சிரிக்கான். நீதான் கஞ்சியாக் குடுத்து அவன எளைக்க வச்சிருக்க."

கடையில் நின்ற ரெண்டு பொம்பளைகளும் என்னையே பார்த்தார்கள். வாரேன் மதினி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். தண்ணிகூடக் குடிக்கவில்லை.

இடம் ஞாபகம் இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. பஸ்ஸில்தான் உறைத்தது.

அக்டோபர் 9, வெள்ளி

மேகம் இறங்கியிருக்கிறது. ஊரே மழைக்கு வேண்டுகிறது. நான் ஒருத்தி மட்டும் வேண்டாம் என்று. மழை விழுந்தால் கரிசல் களியாகிவிடும், கால் வைக்க முடியாது.

காலை நாலு குழி. ஒன்றுமில்லை.

மதினி வெள்ளிதோறும் நம்ம ஊர்க் கோயிலுக்கு வருவார். பங்குனியிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. இன்றும் வந்தாராம், டீக்கடைக்காரர் சொன்னார். வீட்டுக்கு வரவில்லை. வராதது நல்லது. வந்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேனோ.

இவர்: கஞ்சித் தண்ணி அரை டம்ளர். மோர் கால். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை. லோடு வண்டிச் சாவியை எடுத்துப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டினார்.

சாயந்திரம் ஆஸ்பத்திரி நர்ஸ் போன். "பிளாக் எடுத்து வச்சிட்டீங்களா?" ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மடச்சி.

"பீரோவுலதான இருக்கு?" என்றார் இவர்.

அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சம்படம், பால், கல், டிராக்டர்.

சிரித்தார். "அப்ப என்னையப் பாதி பொதச்சாச்சா?"

சிரிப்பு இருமலாகி, இருமல் வாந்தியாகி, வாளி பிடித்தேன். கறுப்பு இல்லை. வாய் துடைத்துவிட்டுக் கேட்டார், "அக்காவுக்கு எடம் தெரியுமா?"

தெரியும்போலத்தான் இருக்கு, சொல்ல மாட்டேங்காக என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 10, சனி

தூறல். மண் வாசம்.

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் இவரே மதினிக்குப் போன் போட்டார். "அக்கா, நாக்கு செத்துப்போச்சு. கோழி ரசம் வச்சுக் கொண்டா. சோறும் கொண்டா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சோறா?

இவர் யார் முன்னாலும் சாப்பிட மாட்டார். ஆடியிலிருந்தே அப்படித்தான். மதினி வந்தால், இப்பத்தான் சாப்பிட்டேன்க்கா என்பார். தாயில்லாமல் வளர்ந்தவர், மதினிதான் இவருக்குச் சோறு ஊட்டி வளர்த்தது. சிக்கிக்கொண்டு திணறுவதை அந்த அக்கா பார்க்கக் கூடாதென்று அத்தனை மாதம் மறைத்து வைத்திருந்தார். நானும் உடந்தை. மதினியைக் குறை சொல்லி என்ன, அவர் கண்ணில் நாங்கள் எதையுமே காட்டவில்லை.

பதினொரு மணி பஸ்ஸில் தூக்குவாளியோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பி முன்னால் உட்கார்ந்து தானே பிசைந்தார், குழைய, ரசம் விட்டு. "சாப்பிடுய்யா."

முதல் வாய். கொஞ்சூண்டுதான். கண்ணை மூடி முழுங்கினார். இறங்கியது என்று நினைத்தேன்.

இரண்டாவது வாய். கை மேலே போனது. பொறு.

"என்னய்யா? காரமா?"

பேச்சில்லை. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. கண்ணில் தண்ணி. மூன்று நிமிஷம். மதினி முதுகைத் தடவினார். ஐந்து. "ஏலே ராசு, ஏலே!" ஏழு. எச்சில் நூலாக ஒழுகியது, துடைக்கவும் விடவில்லை, கை மட்டும் அப்படியே. பதினொன்றாவது நிமிஷம் எல்லாம் வெளியே வந்தது. சோறு, ரசம், ஓரத்தில் சிவப்பு.

மதினி பிசைந்த கையைக் கழுவவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார், கை காய்ந்துபோகும்வரை.

இவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "தெனமும் இதுதான்க்கா."

மதினி எழுந்து தூக்குவாளியைக்கூட எடுக்காமல் போனார். பஸ் இருக்கிறதா இல்லையா தெரியவில்லை. பின்னால் ஓட நினைத்தேன், இவரை விட்டுப் போக முடியவில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

ஆறரை மணி. வாசலில் மதினி. முதல் பஸ்ஸு. கையில் களைக்கொத்து.

"வாத்தா."

அவ்வளவுதான் சொன்னது. முன்னால் நடந்தார், நான் பின்னால். இவரும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, மெதுவாக வந்தார், பாதி வழியில் உட்கார்ந்து, திரும்ப எழுந்து.

நான் பன்னிரண்டு குழி தோண்டியது கிழக்கோரம். மதினி நேராக மேற்கே போனார், ஒற்றை வேம்புக்கு இந்தப் பக்கம். நின்ற இடத்தில் சாரைசாரையாக எறும்பு. பக்கத்தில் ஒரு வேப்பங்குச்சி ஊன்றியிருந்தது.

"எப்படி மதினி இவ்வளவு கரெக்டா?"

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பால் ஊத்துதேன். உழுது போட்ட மறுநாளே வந்து குச்சி நட்டுட்டேன்." மண்ணைப் பார்த்தே சொன்னார். "கோயிலுக்குன்னு உங்கிட்ட சொன்னது பொய்தான். முந்தாநாளும் ஊத்துனேன்."

ஏழு மாதம். பஸ் ஏறி, மாறி, டம்ளர் பாலோடு. நான் முட்டை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் மதினி அதற்குக் காவல் இருந்திருக்கிறார்.

நான் மண்வெட்டியை ஓங்கினேன். பிடித்துக்கொண்டார். "நீ தோண்டாத. நாந்தான் தோண்டணும்." குத்துக்காலிட்டு உட்கார்ந்து களைக்கொத்தால் கொத்தினார். எறும்பு கையெல்லாம் ஏறியது, தட்டிவிடவில்லை. கொத்திக்கொண்டே பேசினார். என்னிடம் இல்லை, குழியிடம்.

"இவன் ஒண்ணும் செய்யல. இவளும் செய்யல. தோண்டுதது நானு. எந்திரிச்சு வாரதா இருந்தா எனக்கு வா. எனக்குத் தின்னு முடிச்ச வயசு. அவன விட்டுரு."

இவர் வேம்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, கிறுக்கு மாதிரிப் பேசாத" என்றார். குரல் உடைந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் இவர் அழுது நான் பார்த்ததில்லை.

சம்படம் தட்டுப்பட்டது. மூடி துருப்பிடிக்கவில்லை. துணி கறுத்துப்போயிருந்தது. கண்ணாடி இரண்டு துண்டு. மெழுகு வில்லை அப்படியே, வெள்ளையாக, ஒரு மூலை மட்டும் நசுங்கி. உருகிப்போயிருக்கும் என்று கோடை முழுக்க அடித்த வெயிலை நினைத்து எத்தனை பயந்தேன். ஒரு முழம் கீழே குளிர்ச்சிதான் போல.

மூன்று பேரும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை.

அக்டோபர் 13, செவ்வாய்

மதுரை. பஸ்ஸில் வழி முழுக்க வில்லை மடியில். வெயில் படாமல், ஈரம் படாமல், ஜன்னலோரம் உட்காராமல்.

லேபில் வாங்கியவர் மூக்கருகே கொண்டுபோய், "மண்ணு வாசம் அடிக்குதே" என்றார். டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பயந்துகொண்டுதான். கத்துவார் என்று காத்திருந்தேன். பேனாவை மூடி வைத்தார். "சதை கெட்டிருக்காதுன்னு நினைக்கிறேன். மெழுகுக்குள்ள இருந்தா வருஷக்கணக்குல இருக்கும். ஆனா சாயம் ஒழுங்காப் பிடிக்குமான்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

பத்து நாள் ஆகுமாம். இவருக்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

அக்டோபர் 17, சனி

மழை. பள்ளிக்கூடம் லீவு. கூரையில் ஒழுக்கு.

மோர், ஸ்பூனில். பதினாலு ஸ்பூன்.

திருப்பூரிலிருந்து மகள் போன். அப்பாவுக்கு வயித்துப்புண் என்றுதான் அவளுக்குத் தெரியும். தீபாவளிக்கு வருகிறாளாம், அப்பாவுக்கு என்ன வேணும் என்று கேட்கிறாள். சட்டை எடு என்றேன், ஒரு சைஸ் குறைச்சு.

அக்டோபர் 20, செவ்வாய்

போன் இல்லை. நானே போட்டேன். இன்னும் வரலம்மா.

தண்ணியும் இறங்காமல் நிற்கிறது. மூக்கு வழியாகக் குழாய் வைத்துப் பால் ஊற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். இவர் வேண்டாம் என்று தலையாட்டுகிறார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் முட்டை வேண்டாமென்று கீழே போட்டான். அவனைத் திட்டக் கூட இல்லை, எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் பார்த்துவிட்டார்.

அக்டோபர் 21, புதன்

எழுத ஒன்றுமில்லை. சாமி கும்பிடக்கூட வாய் வரவில்லை. பங்குனியில் பால் ஊற்றிக் கும்பிட்டதன் லட்சணம் தெரிந்துவிட்டது.

அக்டோபர் 24, சனி

வந்துவிட்டது. சாயம் பிடித்திருக்கிறது.

பெயர் எழுதி வாங்கினேன்: ஜிஸ்ட். இவ்வளவு சின்னப் பெயர். மாத்திரைக்குக் கேட்கிற வகை. தினமும் ஒன்று, மூன்று மாதம் கழித்து ஸ்கேன், சுருங்கினால் குழாயைக் காப்பாற்றி அதை மட்டும் எடுக்கப் பார்ப்பார்களாம். சுருங்காவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். "முதல்ல மாத்திரை போடுவோம்மா" என்றார் டாக்டரம்மா.

இதுவும் புற்றுநோய்க் கூட்டத்தைச் சேர்ந்ததுதானாம். இல்லை என்று பங்குனியில் தூணைப் பிடித்து அழுதேனே, அது இதற்குத்தானா. சந்தோஷப்படவா, என்ன செய்ய.

ஒன்று மட்டும் டாக்டரம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்குனியிலேயே கொண்டு போயிருந்தால் நெல்லிக்காயோடு நின்றிருக்கும். இதை நான் சாகும்வரை சுமக்க வேண்டும். இவர் மன்னித்துவிட்டார், அது வேறு.

மிச்ச வில்லையைத் திரும்பக் கொடுத்தார்கள், பின்னால் தேவைப்படும் என்று. மதினி கூட வந்திருந்தார். கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வைக்கப் போற?"

"பீரோவுல மதினி. பட்டா இருக்கிற தட்டுல."

"சாவி?"

"நீங்க வச்சுக்கோங்க."

முந்தானையில் முடிந்துகொண்டார்.

அக்டோபர் 27, செவ்வாய்

மழை விட்டு நல்ல வெளிச்சம். புஞ்சையில் பருத்தி முளைத்திருக்கிறதாம், பார்க்கப் போகவில்லை. சமையல் அக்காவிடம் பள்ளிக்கூடச் சாவி கொடுத்துவிட்டேன், தாமதமாக வருவேன் என்று.

முதல் மாத்திரை. மொச்சைக்கொட்டை அளவு. உள்ளங்கையில் வைத்து இவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இத முழுங்க முடிஞ்சா எனக்கு எதுக்கு புள்ள மாத்திரை?"

நர்ஸுக்குப் போன். பொடி பண்ணக் கூடாதாம். பெரிய டம்ளர் தண்ணியில் போட்டு, கரையும்வரை ஸ்பூனால் கலக்கி, உடனே குடிக்க வேண்டும். டம்ளரைக் கழுவி அந்தத் தண்ணியும்.

முன்னால் நாலு ஸ்பூன் கஞ்சித் தண்ணி. இறங்கியது.

கலக்கினேன். மஞ்சளாகக் கலங்கியது. மதினி பார்க்க மாட்டேன் என்று அடுப்படிக்குப் போனார், பிறகு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

8.05. முதல் மடக்கு. முகம் சுளித்தார். இறங்கியது.

8.07. இரண்டாவது. இறங்கியது.

8.10. மூன்றாவது. கை மேலே போனது. பொறு.

8.12. கை அப்படியே.

8.14. மதினி என் தோளைப் பிடித்திருக்கிறார், நகம் பதிகிறது.

8.16. கையை இறக்கினார். டம்ளரைக் கேட்டார்.